தடம் இல்லாத பந்து

அந்த மைதானத்து மரங்கள் யாருக்கும் தயவு காட்டியதில்லை. டாக்டர் செம்மொழிக்கு மட்டும் காட்டின. அதுதான் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

பாபநாசத்தைத் தாண்டி, குடமுருட்டிக் கரையை ஒட்டி நீளவாக்கில் கிடக்கிற இடம் அது. ஒருபக்கம் நெருக்கி நட்ட தேக்கு. மறுபக்கம் ஆற்றுக்கரை, கரை முழுக்க மூங்கில் புதர். நடுவில், நாலு லாரிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற அகலத்துக்கு ஒட்ட வெட்டிய புல்பாதை. கோல்ஃப் பந்தை அந்தப் பாதை தவறாமல் அடித்துக்கொண்டே போய்க் கடைசியில் இருக்கிற குழியில் விழவைக்க வேண்டும். இப்படி ஒன்பது குழிகள். கை கொஞ்சம் பிசகினாலும் பந்து மரங்களுக்குள் போய்விடும். உள்ளே போன பந்தைத் தேடுவதும் வைக்கோல் போரில் ஊசி தேடுவதும் ஒன்றுதான். கிடைத்தாலும் வேருக்கும் தண்டுக்கும் நடுவில் சிக்கிக் கிடக்கும். மட்டையை ஓங்க இடம் இருக்காது.

தஞ்சாவூர் டாக்டர்களும், அரிசி ஆலைக்காரர்களும், சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்தவர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வந்து அந்த மரங்களைத் திட்டிவிட்டுப் போவார்கள். செம்மொழி அடித்த பந்து மட்டும் தேக்கில் 'டொக்'கென்று மோதிய பிறகும் புல்பாதைக்குத் திரும்பி வந்து படுத்திருக்கும். முதல் மாதம் அவளும் சந்தோஷப்பட்டாள். இரண்டாம் மாதம் யோசிக்க ஆரம்பித்தாள்.

அவள் கண் அறுவை மருத்துவர். மேல்படிப்புக்கு இங்கிலாந்து போயிருந்தபோது, லெஸ்டர் நகரத்தில் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி அவளை ஊர்ப் பொது மைதானத்துக்குக் கூட்டிப்போய் இந்த ஆட்டத்தைப் பழக்கிவிட்டாள். அங்கே மழையில் நனைந்துகொண்டு தனியாக ஆடுவது அவளுக்குப் பிடித்திருந்தது. தஞ்சாவூருக்குத் திரும்பியபோது மட்டைப் பை வீட்டு மாடிப்படிக்குக் கீழே போனது. அங்கேயே கிடந்திருக்கும், கோவிந்தராசு கண் காட்ட வராமல் இருந்திருந்தால்.

கோவிந்தராசுவுக்கு அறுபத்தைந்து தாண்டிவிட்டது. ஒரு காலத்தில் அந்தப் பக்கத்து நிலமெல்லாம் அவர் குடும்பத்துடையது. மைதானம் இருக்கிற இடமும் அவர் பெயரில்தான் இருக்கிறது. கிளப்புக்குத் தலைவரும் அவர்தான். இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. வலது கண்ணுக்குச் செம்மொழி ஆபரேஷன் செய்தாள். கட்டு பிரித்த அன்று அவள் அறைச் சுவரில் மாட்டியிருந்த ஒரு பழைய படத்தை அவர் உற்றுப் பார்த்தார். மழைக் கோட்டும் கையில் மட்டையுமாக அவள் நிற்கிற படம்.

"டாக்டர், நீங்க கோல்ஃப் ஆடுவீங்களா? எங்க கிளப்புல லேடீஸ் ஒருத்தர்கூட இல்லீங்க. நீங்க வரணும்," என்றார்.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது இதைச் சொன்னதும் அவளுடைய அம்மா கண்ணாத்தாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"எந்த கோவிந்தராசு? மேலப்பண்ணை வீட்டு ஆளா? அவரு உன்ன எதுக்குடி கூப்புடுறாரு?"

"ஆடத்தாம்மா."

"கண்ணுக்கு வைத்தியம் பாத்தா காசக் குடுத்துட்டுப் போக வேண்டியதுதானே? அந்த மூங்கில் கொல்லைப் பக்கம் நாங்க வெறகு பொறுக்கப் போனாலே நாய அவுத்து விடுவாங்க. இப்ப வாங்க வாங்கன்னா என்ன அர்த்தம்? எதையோ மனசுல வச்சிக்கிட்டுத்தான் கூப்புடுறாரு."

கண்ணாத்தாள் இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் பண்ணை வயல்களில் நடவு நட்டவள். அவள் புருஷன் செல்லதுரை ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்து குடும்பத்தைக் குத்தாலத்துக்குக் கூட்டிப்போன பிறகுதான் செம்மொழி பிறந்தாள். அதனால் அந்த ஊரோ, அந்த மூங்கில் கொல்லையோ செம்மொழிக்குத் தெரியாது. அம்மாவின் குரலில் இருந்த சந்தேகம் மட்டும் அவளோடு கூடவே வளர்ந்தது. யாராவது காரணம் இல்லாமல் நல்லபடியாக நடந்துகொண்டால், காரணம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவது அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி.

ஆனாலும் போனாள். மட்டையைக் கையில் எடுத்ததும் விட மனசு வரவில்லை.

கோவிந்தராசு ஒருநாளும் மரியாதை குறைவாக நடந்துகொள்ளவில்லை. காபி வந்தால் முதல் டம்ளர் அவளுக்குத்தான். அவள் வருகிறாள் என்று பெண்களுக்குத் தனி அறை கட்டினார். புதிதாக அச்சடித்த கிளப் நோட்டீஸில் அவள் படத்தைக் கேட்டு வாங்கிப் போட்டார். ஒவ்வொன்றும் நல்லதுதான். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் அவளுக்கு ஏனோ இடித்தது. வருஷாந்திரப் போட்டி அறிவித்தபோது அவர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "இந்த வருஷம் கப்பை டாக்டர் வாங்கினா கிளப்புக்கே பெருமைதான்."

சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள். பக்கத்தில் நின்ற அரிசி ஆலைக்காரர் இளையபெருமாள் சிரித்துக்கொண்டே, "தலைவர் சொல்லிட்டாருல்ல, வாங்கிடுவாங்க," என்றார்.

அந்தச் சிரிப்பை செம்மொழி மறக்கவில்லை.

முதல் இரண்டு சுற்றிலும் அவள் ஜெயித்தாள். இரண்டிலும் மரம் அவளுக்கு உதவியது. அரையிறுதியில் அவளுக்கு எதிரில் ஆட வந்தது கோவிந்தராசுவே.

தை மாதக் கடைசி ஞாயிறு. அன்று முதல் ஆட்டம் அவர்களுடையதுதான். பனி கொட்டியிருந்தது, புல் முழுக்க வெள்ளைத் துணி விரித்த மாதிரி கிடந்தது. தேக்குக்கு அப்பால் எங்கோ அறுப்பு மெஷின் ஓடும் சத்தம். கோவிந்தராசு குல்லாயைச் சரிசெய்துகொண்டு, "வாங்க டாக்டர், விட்டுக்குடுக்காம ஆடுங்க," என்றார். அவள் தலையாட்டினாள். விட்டுக்கொடுப்பதைப் பற்றி இவர் எதற்கு இப்போது பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆட்டத்தின் கணக்கு எளிது. ஒரு குழியை யார் குறைந்த அடியில் முடிக்கிறார்களோ அந்தக் குழி அவர்களுக்கு. ஒன்பதில் அதிகக் குழிகள் எடுத்தவர் ஜெயித்தவர்.

பாதை குறுகல் என்பதால், அடித்த பந்து எங்கே விழுகிறது என்று பார்க்கக் கொடியோடு ஓர் ஆள் முன்னால் போய் நிற்பது அந்தக் கிளப்பின் வழக்கம். அவர் பெயர் மருதையன். வயது அறுபதுக்குள் இருக்கும். ஒடிசலான, கறுத்த உடம்பு. பந்து புல்பாதையில் கிடந்தால் பச்சைக் கொடி, மரத்துக்குள் போய்விட்டால் சிவப்புக் கொடி. பண்ணையில் வேலை பார்த்துவிட்டுக் கிளப்புக்கு வந்தவர். யாரோடும் பேச மாட்டார். செம்மொழி வணக்கம் வைத்தால்கூடத் தலையைக் குனிந்துகொள்வார்.

முதல் இரண்டு குழிகளும் ஆளுக்கொன்று போயின. மூன்றாவதில் செம்மொழி அடித்த பந்து கிளம்பும்போதே வலதுபுறம் சாய்ந்தது. தேக்குக்குள் நுழைந்ததை அவள் தெளிவாகப் பார்த்தாள். 'டொக்'கென்று சத்தமும் கேட்டது. தூரத்தில் மருதையன் மரங்களுக்குள் போய்விட்டு வெளியே வந்தார். கொஞ்ச நேரத்தில் பச்சைக் கொடி உயர்ந்தது.

"மரத்துல பட்டுத் திரும்பிடுச்சு போல," என்றார் கோவிந்தராசு. "உங்களுக்கு நல்ல ராசி டாக்டர்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். குல்லாயின் நிழலில் ஒன்றும் தெரியவில்லை. இடது கண்ணில் புரை அப்படியே இருக்கிறது. வலது கண் தெளிந்துவிட்டாலும், அவ்வளவு தூரத்தில் மரநிழலுக்குள் நடப்பது அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமே இல்லை என்றால்? முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால்?

அந்தக் குழி அவளுக்குப் போனது.

நாலாவது சமமாக முடிந்தது. ஐந்தாவதில் மறுபடி அதே கதை. இந்தத் தடவை பந்து இன்னும் மோசமாகப் போனது. மரங்களுக்குள் மூன்று இடத்தில் மோதும் சத்தம் கேட்டது. பச்சைக் கொடி. நடந்து போனால், வாகான இடத்தில், புல்மேல் பந்து. மட்டையை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சற்றுத் தள்ளி கோவிந்தராசுவின் பந்து கிடந்தது. அது உருண்டு வந்த வழி, பனி படர்ந்த புல்லில் பச்சைக் கோடாக நீளத்துக்கும் தெரிந்தது. அவளுடைய பந்தைச் சுற்றி எந்தக் கோடும் இல்லை. வெள்ளைப் பனி கலையாமல் இருந்தது. தேக்கு வரிசையிலிருந்து பந்து வரைக்கும் ரப்பர் செருப்புத் தடம் வந்து, அதே வழியில் திரும்பிப் போயிருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். மருதையன் கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் பார்த்து நின்றார். கோவிந்தராசு தன் பந்துக்கு எந்த மட்டையை எடுக்கலாம் என்று பைக்குள் துழாவிக்கொண்டிருந்தார்.

இப்போதே சொல்லியிருக்க வேண்டும். வேறு ஆள் நகர்த்திய பந்தை அது முதலில் கிடந்த இடத்தில் வைத்துத்தான் ஆட வேண்டும் என்பது சட்டம். ஆனால் என்ன சொல்வது? 'உங்கள் ஆள் எனக்கு நல்லது செய்கிறார்' என்றா? அவர் சிரித்து மழுப்பிவிடுவார். அவளுக்குத் தெரிய வேண்டியது அதில்லை. ஏன் என்பதுதான். கப்பை அவள் கையில் கொடுத்துப் பேப்பரில் படம் போடவா? 'பாருங்கள், எங்கள் பண்ணையில் நடவு நட்டவர் மகளை எப்படி வைத்திருக்கிறோம்' என்று காட்டவா? பக்கத்து நிலத்தையும் கிளப்போடு சேர்க்க ஊர்க்காரர்கள் எதிர்ப்பாக இருக்கிறார்கள் என்று காதில் விழுந்திருந்தது. அதற்கு அவள் பெயர் பயன்படுமா?

இதெல்லாம் மனதில் ஓட ஓட அவள் பந்தை அடித்தாள். நன்றாகவே அடித்தாள். குழியும் கிடைத்தது. பந்தைக் குழியிலிருந்து எடுக்கும்போது, சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் துப்பறிவது மட்டும்தானா என்ற கேள்வி எழுந்தது. ஜெயிக்கிற ஆசையும் அதில் கொஞ்சம் இருந்தது. அதை அவள் தனக்குள்ளே ஒப்புக்கொள்ளவில்லை, வேகமாக நடந்தாள்.

ஆறாவது சமமாக முடிந்தது. அவள் இரண்டு குழி முன்னால். மிச்சம் மூன்று.

ஏழாவது குழிதான் அந்த மைதானத்தில் மிகவும் குறுகல். மூங்கிலும் தேக்கும் மேலே ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டு, உள்ளே நின்றால் குகைக்குள் நிற்கிற மாதிரி இருக்கும். செம்மொழி பந்தை வைத்தாள். மருதையன் தூரத்தில் வளைவில் நிற்பதைப் பார்த்துக்கொண்டாள். பிறகு, வேண்டுமென்றே, இடதுபுறம் மூங்கிலைப் பார்த்து அடித்தாள்.

"அச்சச்சோ," என்றார் கோவிந்தராசு.

"நீங்க அடிச்சுட்டு வாங்க சார். நான் கரைமேல ஏறிப் பாத்துக்கிட்டு வர்றேன்."

அவர் பதில் சொல்வதற்குள் அவள் கரை ஏறிவிட்டாள். கரைமேல் வண்டிப்பாதை ஒன்று உண்டு. மூங்கில் மறைப்பதால் கீழேயிருந்து பார்த்தால் தெரியாது. ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாக மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. காய்ந்த சருகில் கால் படாமல், புல் இருக்கிற விளிம்பாகப் பார்த்து நடந்தாள். இந்த வயதில், இந்தப் படிப்பு படித்துவிட்டு, புதருக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து போகிறோமே என்று வெட்கமாக இருந்தது.

மூங்கில் தூர்களுக்கு இடையே மருதையன் தெரிந்தார். பந்து ஒரு தூரின் அடியில் செருகிக் கிடந்தது. அவர் குனியவில்லை. கொடியை ஊன்றிக்கொண்டு, வேறெங்கோ பார்க்கிறவர்போல நின்று, வலது காலைச் செருப்பிலிருந்து உருவினார். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் பந்தைக் கவ்வி எடுத்தார். ஒற்றைக் காலில் இரண்டு எட்டு நொண்டிப் புல்பாதைக்கு வந்து, காலை லேசாக உதறினார். பந்து பொத்தென்று புல்லில் உட்கார்ந்தது. கொடியைத் தூக்கக் கை போயிற்று.

"அண்ணே."

மருதையன் திடுக்கிட்டுத் திரும்பினார். கரைச்சரிவில் அவள் நிற்பதைப் பார்த்ததும் முகம் சாம்பலாகிவிட்டது.

"யாரு செய்யச் சொன்னாங்க?" என்று கேட்டபடி இறங்கி வந்தாள். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். "பெரியவர் சொன்னாரா? உண்மையச் சொல்லுங்க."

"அவரா?" மருதையன் தலையை வேகமாக ஆட்டினார். "அய்யோ, அவருக்குத் தெரிஞ்சா வேலைய விட்டே தூக்கிடுவாருங்க. ஒரு தடவ அவரு பந்தயே நவுத்தி வச்சிட்டேன், சந்தோசப்படுவாருன்னு. தாம் தூம்னு குதிச்சிட்டாரு. இன்னொரு தடவ எந்தப் பந்த தொட்டாலும் இந்தப் பக்கமே வரக்கூடாதுன்னாரு."

"அப்புறம் யாரு? இளையபெருமாளா?"

"யாரும் சொல்லலங்க."

"யாரும் சொல்லாம எதுக்கு இப்படிச் செய்றீங்க?"

மருதையன் செருப்பை மாட்டிக்கொண்டார். வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். கோவிந்தராசு இன்னும் வரவில்லை.

"நீ கண்ணாத்தா அக்கா மகதான? மொகத்தப் பாத்ததுமே தெரிஞ்சுது," என்றார்.

இத்தனை நாள் டாக்டரம்மா என்றுகூட நிமிர்ந்து சொல்லாதவர், சட்டென்று ஒருமைக்கு வந்துவிட்டார்.

"எங்க தெருவுலதான் உங்க அம்மாவும் அப்பாவும் இருந்தாங்க. எதுத்த வீடு. உங்க அம்மா நடவு நடுறப்ப நாத்து முடி தூக்கிப் போட்டவன் நானு. இந்த ஏழாம் நம்பர் இருக்கு பாரு, இது தெக்குவெளி வயலு. இந்தச் சேத்துல நின்னவ மக ஷூ போட்டுக்கிட்டு வந்து ஆடுறா. எத்தன பேரு ஆடுறானுவ! ஒன்னய ஒருத்தன் ஜெயிச்சிட்டுப் போறத நின்னு பாக்கச் சொல்றியா? என்னால முடியல பாப்பா. அவ்வளவுதான்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. கெஞ்சவும் இல்லை. நியாயமான காரியத்தைச் செய்தவன் மாதிரி நிமிர்ந்துதான் நின்றார்.

செம்மொழிக்கு முதலில் கோபம்தான் வந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இத்தனை நாளாகக் கோவிந்தராசுவைத்தான் மனதுக்குள் கூண்டில் ஏற்றி நிறுத்தியிருந்தாள். காபி டம்ளர், தனி அறை, நோட்டீஸ் படம் என்று ஒவ்வொன்றையும் அவருக்கு எதிராகச் சாட்சிக்கு அழைத்திருந்தாள். செய்தவர் இங்கே நிற்கிறார். அவளுக்காகவே, அவளைக் கேட்காமலே.

"அண்ணே, நானா அடிச்சு ஜெயிச்சேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்," என்றாள்.

"நீதான் அடிச்ச. நான் கொஞ்சம் தள்ளி விட்டேன். மத்தவனுக்கெல்லாம் அப்பன் பாட்டன் தள்ளி விடலயா?"

வளைவில் காலடிச் சத்தம் கேட்டது. கோவிந்தராசு பையை இழுத்துக்கொண்டு வந்தார்.

"என்ன டாக்டர், பந்து கெடைச்சுதா? கொடியே காட்டலயே?"

மருதையன் கொடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அவள் பந்தைக் குனிந்து கையில் எடுத்தாள். ஆட்டத்தின் நடுவில் அப்படிப் பந்தை எடுத்தால் என்ன அர்த்தம் என்று கோவிந்தராசுவுக்குத் தெரியும். அவர் புருவம் சுருங்கியது.

"இந்தக் குழி உங்களுக்கு சார். ஆட்டமும் உங்களுக்குத்தான். நான் விட்டுத் தர்றேன்."

"ரெண்டு குழி முன்னால இருக்கீங்க."

"தெரியும் சார்."

கோவிந்தராசு குல்லாயைக் கழற்றினார். அவர் முகத்தில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம் தெரிந்தது.

"நீங்களுமா டாக்டர்?"

"என்ன சார்?"

"இங்க யாரும் எங்கிட்ட ஒழுங்கா ஆடுறதில்ல. இளையபெருமாள் ஒண்ணரை அடி தூரத்துல இருக்குற குழியில போட மாட்டான். இன்னொருத்தருக்கு நான் ஜெயிக்கிற நேரம் பாத்து முதுகு வலிக்கும். இடம் என்னோடதுல்ல, கிளப்பை மூடிடுவேன்னு பயம். நான் ஆடுறேனா இல்ல என்னை ஆட வச்சுப் பாக்குறாங்களான்னு எனக்கே தெரியாது. நீங்க மொத நாள் வந்தப்ப, மட்டை பட்டுப் பந்து அரை இஞ்ச் நகர்ந்துடுச்சுன்னு நீங்களே உங்களுக்கு அபராதமா ஒரு அடி சேத்துக்கிட்டீங்க. யாரும் பாக்கல, நான் மட்டும்தான் பாத்தேன். சரி, நம்மகிட்ட வேணும்னு தோக்காத ஆள் ஒண்ணு கெடைச்சுடுச்சுன்னு நெனச்சேன். இப்ப நீங்களும் விட்டுத் தர்றேங்கறீங்க. யாரு சொன்னா? வயசானவன் பாவம்னு தோணிச்சா? இல்ல, இவரை ஜெயிச்சா நல்லா இருக்காதுன்னு யாராவது காதுல ஓதிட்டாங்களா?"

அவருடைய சந்தேகமும் தன்னுடையதைப் போலவே ஒவ்வொரு மூலையையும் தடவிப் பார்க்கிறது என்று செம்மொழிக்குத் தோன்றியது. அவரிடம் இப்போது பொய் சொல்ல முடியாது. முழு உண்மையைச் சொன்னால் மருதையன் நாளைக்கு இங்கே நிற்க முடியாது.

"அப்படியெல்லாம் இல்ல சார். என் பந்து விழுந்த இடத்துல நான் ஆடல. மூணாவதுலயும் அஞ்சாவதுலயும். மரத்துக்குள்ள கெடந்த பந்து வெளிய வந்துடுச்சு. மூணாவதுல எனக்குத் தெரியாது. அஞ்சாவதுல சந்தேகம் வந்தும் வாயத் தொறக்காம ஆடிட்டேன். அதனால இதை நான் ஜெயிக்கக் கூடாது. போன ரெண்டு சுற்றும் அப்படித்தானோ என்னவோ."

"வெளிய வந்துடுச்சுன்னா? தானாவா வந்துச்சு?"

கோவிந்தராசுவின் பார்வை மெதுவாகத் திரும்பிக் கொடியில் போய் நின்றது. மருதையன் வாயைத் திறக்கப் போனார். செம்மொழி முந்திக்கொண்டாள்.

"சார், யாருன்னு கேக்காதீங்க. ஆடினது நான். தப்பு என்னோட கணக்குல இருக்கட்டும். யாரையாவது வேலைய விட்டு நிறுத்தினீங்கன்னா நான் இங்க வர்றது இதுதான் கடைசி."

"என்னை மிரட்டுறீங்களா டாக்டர்?"

"ஆமா சார்."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. உதடு ஒருபக்கம் இழுபட்டது. அது சிரிப்பா என்று அவளுக்குப் புரியவில்லை. குல்லாயைத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டார். "எட்டும் ஒன்பதும் மிச்சம் இருக்கு. கணக்குக்கு இல்ல, சும்மா ஆடலாம். வர்றீங்களா?" என்றார். அவர்கள் இருவரும் ஆடினார்கள். எட்டாவதில் அவள் பந்து தேக்குக்குள் போனது. கிடைக்கவே இல்லை. ஒன்பதாவதை அவள் சுத்தமாக ஜெயித்தாள். கோவிந்தராசு கை கொடுத்தார்.

அடுத்த வாரம் கிளப் போர்டில் ஒரு அறிவிப்பு தொங்கியது. இனிமேல் கொடி பிடிக்க ஆள் கிடையாது. அவரவர் பந்தை அவரவர்தான் தேடிக்கொள்ள வேண்டும். அதற்குக் காரணம் எழுதவில்லை. மருதையனை ஆற்றோரம் இருக்கிற மோட்டார் கொட்டகைக்கு மாற்றியிருந்தார்கள். சம்பளம் குறையவில்லை. ஆனால் பந்து கிடைத்த சந்தோஷத்தில் ஆட்டக்காரர்கள் கையில் திணிக்கிற காசு இனி வராது. எல்லாரும் முணுமுணுத்தார்கள். இளையபெருமாள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்திக்கொண்டார். மருதையன் மற்றவர்கள் பந்தையும் நகர்த்தியிருப்பாரோ, அதனால்தான் இவ்வளவு எரிச்சலோ என்று அவளுக்குத் தோன்றியது. உடனே அந்த நினைப்பை அதட்டி உட்காரவைத்தாள்.

கோவிந்தராசு மறுவாரம் இடது கண்ணைக் காட்ட வந்தார். ஆபரேஷனுக்கு நாள் குறித்துக்கொண்டு போனார். போட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போகிறபோது மட்டும், "ஞாயித்துக்கிழமை வருவீங்கல்ல?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குள் வேறென்ன இருக்கிறது என்று அவள் தேடத்தான் செய்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்காக முழுக்க நம்பிவிட்டாள் என்றும் சொல்ல முடியாது.

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது கண்ணாத்தாள் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாள். "மருதையனா? எதுத்த வீட்டு மருதையனா? அவன் இன்னும் அங்கதான் இருக்கானா?" பிறகு சொன்னாள்: "உனக்கு மாமன் முறைடி அவன்."

ஞாயிற்றுக்கிழமை செம்மொழி மைதானத்துக்குப் போனாள். மோட்டார் கொட்டகை வாசலில் மருதையன் உட்கார்ந்திருந்தார். அவள் கும்பிட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்லது செய்யப்போய் வம்பில் மாட்டிக்கொண்ட கோபம் அவருக்கு. அவளைக் காட்டிக்கொடுத்தவளாக நினைக்கிறாரா, காப்பாற்றியவளாகவா? இரண்டும்தான் இருக்கும்.

தனியாகவே ஆடினாள். கொட்டகைக்கு எதிரே இருக்கிற நாலாவது குழியில் பந்து இடதுபுறம் வளைந்து மூங்கிலுக்குள் மறைந்தது. போய்த் தேடினாள். சருகைக் கிளறினாள். கீரிப்பிள்ளை ஒன்று ஓடியது, பந்து இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் வெளியே வந்து கொட்டகைப் பக்கம் திரும்பினாள்.

"மாமா," என்று கூப்பிட்டாள். "பந்து எந்தப் பக்கம் போச்சு, பாத்தீங்களா?"

மருதையன் உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை. அந்த அழைப்பைக் கேட்டதும் முகத்தை அவள் பக்கம் திருப்பினார். பிறகு கையை நீட்டி, மூங்கில் மிகவும் அடர்ந்திருக்கிற ஒரு தூரைக் காட்டினார். பந்து மட்டும் அங்கே இருக்கக் கூடாது என்று கடவுளிடம் கேட்கத் தோன்றுகிற இடம் அது.

அவள் போய்ப் பார்த்தாள். பந்து அங்கேதான் இருந்தது. இரண்டு முளைகளுக்கு நடுவில், கை மட்டும் நுழைகிற சந்தில். மட்டையை அசைக்கவே வழியில்லை. அங்கிருந்து எடுத்து, சட்டப்படி தனக்கு ஒரு அடியைச் சேர்த்துக்கொண்டு, பக்கத்தில் போட்டாள். பந்தைப் பக்கவாட்டில் புல்பாதைக்குத் தட்டிவிட இரண்டு தடவை முயன்றாள். முதல் தடவை மூங்கிலில் பட்டு அவள் முழங்காலிலேயே வந்து மோதியது.

கொட்டகை வாசலில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது.